காயச் சிகிச்சை நிலையங்களின் நிலைப்பாகுபாடும் சரிபார்ப்பும்: இலினோய் மாநில அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வைத்தியசாலையை 'முதலாம் நிலைக் காயச் சிகிச்சை நிலையம்' என அழைக்கும்போது, அது முதற்றரமான வைத்தியசாலை என்றும், 'மூன்றாம் நிலை' எனப்படுவது மூன்றாந்தரமானது என்றும் பொருள்கொள்வோர் அந்நாட்டிலேயே பலருளர். இலக்கங்கள் தரவரிசையை நினைவூட்டுவதால் நேரும் மயக்கம் இது. கடுங்காயமுற்ற ஒருவரை ஏற்றுப் பராமரிப்பதற்கு வேண்டிய ஆளணியும் சாதனங்களும் இரவு பகலாக எந்த அளவுக்கு ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ளன என்பதையே நிலை குறிக்கின்றது. ஒதுக்குப்புறமான ஊரொன்றில், காயமுற்றவரின் சுவாசப்பாதையைக் காத்து, குருதிப்பெருக்கை அடக்கி, தாமதமின்றிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும் நான்காம் நிலை நிலையம் தன் பணியைச் செவ்வனே செய்ததாகவே கொள்ளப்படும்.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பதோடு இன்னொரு வினாவையும் எழுப்ப விரும்புகிறோம். ஒரு வைத்தியசாலையின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை மிக நுணுக்கமாக அளந்தறியும் ஓர் ஏற்பாடு, அவ்வைத்தியசாலை எங்கே இருத்தல்வேண்டும் என்பது பற்றி ஏன் நெடுங்காலம் வாய்திறவாதிருந்தது? இவ்வினாவுக்கு இலினோய் மாநிலத்தையும் அதன் பெருநகரான சிக்காகோவையும் உதாரணமாகக் கொள்கிறோம். மாநிலம் முழுவதற்குமான காயச் சிகிச்சை ஒழுங்கமைப்பொன்றை முதன்முதலில் திட்டமிட்டு நடைமுறைப்படுத்திய மாநிலங்களுள் முன்னிற்பது இலினோய். அத்தகைய மாநிலத்திலேயே முப்பது ஆண்டுக்காலம் ஒரு பெரும் வெற்றிடம் நிலவியமையே நமது கவனத்தை ஈர்த்தது.

'ட்ரோமா' என்பது காயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உளவியலார் அதனை மனக்காயத்துக்கும் வழங்குவர். இங்கு நாம் கருதுவது வீதி விபத்து, வீழ்ச்சி, துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து முதலியவற்றால் உடலுக்கு நேரும் கடுஞ்சேதத்தையே.

1966ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் விபத்து மரணங்கள் பற்றி அறிக்கையொன்றை வெளியிட்டது. 1965இல் மாத்திரம் விபத்துக்களால் 1,07,000 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் 49,000 பேர் மோட்டார் வாகன விபத்துக்களிற் பலியானோர் என்றும், 4,00,000 பேர் நிரந்தரமாக ஊனமுற்றனர் என்றும் அது கணக்கிட்டது. நாட்டின் அம்புலன்ஸ் சேவைகளிற் பாதியளவை நடத்தியோர் மலர்ச்சாலை உரிமையாளர் என்னும் செய்தியும் அவ்வறிக்கையில் உண்டு. படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுசெல்லத்தக்க வாகனம் அவர்களிடமே இருந்தது என்பதன்றி இதற்கு வேறு காரணம் இல்லை. கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பிய வைத்திய நிபுணர்கள், சொந்த நாட்டு நகர வீதியிற் காயப்படுவதிலும் போர்க்களத்திற் காயப்படுவது உயிர்பிழைக்க ஏற்றது என்று கூறியதையும் அறிக்கை பதிவுசெய்தது. அந்நிய மண்ணில் நடத்திய போரிலே பெற்ற அறிவு, சொந்த நாட்டுக் குடிமக்களுக்குப் பயன்படாதிருந்த முரண்பாட்டினை இதனின் மேலாக எடுத்துரைத்தல் அரிது.

அதே 1966இல், சிக்காகோவின் ஏழை மக்களுக்கான பொது வைத்தியசாலையாகிய குக் கவுண்டி வைத்தியசாலையில் காயமுற்றோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதுவரை காயமுற்ற ஒருவர் எந்த உறுப்பிற் காயப்பட்டாரோ அதற்கேற்பப் பல விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுவது வழக்கம். அவரை ஒரே குழு, ஒரே இடத்தில், முழு மனிதராக நோக்கிச் சிகிச்சையளித்தல் புதுமையாயிருந்தது. அப்பிரிவிற் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணரான டேவிட் பொய்ட், இந்த முறையை மாநிலம் முழுவதற்கும் விரித்தல் இயலும் எனக் கருதினார். அக்காலத்து ஆளுநர் ரிச்சர்ட் ஒகில்வி, இரண்டாம் உலகப் போரிலே தாங்கிப் படையிற் பணிபுரிந்து முகத்திற் கடுங்காயமுற்றவர். 1971இல் மாநிலத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் நிலையம், பகுதி நிலையம், பிராந்திய நிலையம் என மூவகையாக வைத்தியசாலைகள் வகுக்கப்பட்டன. எந்தப் பகுதியில் எவ்வகை நிலையம் வேண்டும் என்பதை மாநில வரைபடத்தை முன்வைத்தே தீர்மானித்தனர். நோயாளர் விபரங்களைக் கணினியில் திரட்டும் பதிவேடும் அத்திட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. இன்று 'நிலைகள்' என வழங்குவனவற்றின் ஆரம்ப வடிவங்களுள் இது முக்கியமானது. அவ்வடிவத்தில் வைத்தியசாலையின் வசதியும் அதன் அமைவிடமும் சேர்த்தே எண்ணப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1973இல் மத்திய அரசு அவசர வைத்திய சேவைகளுக்கான சட்டமொன்றை இயற்றி நிதி வழங்கலாயிற்று. அதனை நிருவகிக்கும் பொறுப்பு 1974இல் பொய்டிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆயின் 1981இல், றேகன் ஆட்சியின் வரவுசெலவுச் சுருக்கத்தின்போது, இந்நிதி மாநிலங்களுக்கான பொது மானியத்துட் கரைக்கப்பட்டது. மேலிருந்து திட்டமிடும் முயற்சி இதனால் வலுவிழந்தது. அவ்விடத்தை நிரப்பியது அரசாங்க நிறுவனமன்று, தொழில்வல்லோரின் சங்கமொன்றாகும்.

அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி 1976இல், கடுங்காயமுற்றோரைப் பராமரிக்க ஒரு வைத்தியசாலையிடம் இருக்கவேண்டியவை எவை என்று வரையறுத்து ஓர் ஏட்டினை வெளியிட்டது. முதலாம், இரண்டாம், மூன்றாம் நிலை என்னும் வழக்கு அதனாலேயே பரவியது. அதே ஆண்டின் பெப்ரவரி மாதத்தில், என்பியற் சத்திரசிகிச்சை நிபுணரான ஜேம்ஸ் ஸ்டைனர் தாமே ஓட்டிச்சென்ற சிறுவிமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலொன்றில் வீழ்ந்தது. மனைவி இறந்தார்; பிள்ளைகள் காயமுற்றனர். அருகிலிருந்த சிறிய வைத்தியசாலையில் அவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பைக் கண்டு மனம் நொந்த ஸ்டைனர், சக வைத்தியரோடு சேர்ந்து 1978இல் ஒரு பயிற்சிநெறியை உருவாக்கினார். முதலிற் சுவாசப்பாதை, அடுத்துச் சுவாசம், அதன்பின் குருதியோட்டம் என ஒழுங்குமுறையாகக் காயமுற்றவரை நோக்கும் அந்நெறி இன்று உலகின் பல நாடுகளிற் கற்பிக்கப்படுகின்றது. நான்காம் நிலை நிலையங்களின் அடிப்படையும் அதுவே.

நிலைகளை வேறுபடுத்துவன எவை? முதலாம் நிலையத்தில் பொதுச் சத்திரசிகிச்சை, நரம்பியற் சத்திரசிகிச்சை, என்பியல், மயக்கமருந்தியல், கதிரியல் ஆகிய துறைகளின் நிபுணர் எந்நேரமும் கிடைத்தல்வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம் உடன் ஆயத்தமாதல்வேண்டும். பெருந்தொகையான குருதியை விரைந்து வழங்க வல்ல இரத்த வங்கியும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். இவற்றோடு ஆராய்ச்சி, இளம் வைத்தியருக்கான பயிற்சி, காயத்தடுப்புப் பணி என்பனவும் கடப்பாடுகள். ஆண்டொன்றுக்கு 1,200 காயமுற்றோரையேனும், கடுமைப் புள்ளி 15இற்கு மேற்பட்ட 240 பேரையேனும் அனுமதித்திருத்தல் வேண்டும் என்னும் தொகை விதியும் உண்டு. அரிதாகச் செய்வோர் கைத்திறனை இழப்பர் என்பது இதன் அடிப்படை. இரண்டாம் நிலையம் நோயாளியின் படுக்கையருகே ஏறத்தாழ முதலாம் நிலையத்தின் பணியையே ஆற்றுவது. ஆராய்ச்சியும் மேற்கூறிய தொகை விதியும் அதற்கில்லை. மூன்றாம் நிலையத்திற் சத்திரசிகிச்சை உண்டு; நரம்பியற் சத்திரசிகிச்சை இல்லாதிருக்கலாம். மிகக் கடுமையாகக் காயமுற்றவர் வந்தடைந்து 15 நிமிடங்களுள் பொறுப்புச் சத்திரசிகிச்சை நிபுணர் படுக்கையருகே நிற்றல்வேண்டும் என்பது முதலிரு நிலைகளின் விதி. மூன்றாம் நிலைக்கு 30 நிமிடங்கள். நூற்றுக்கு 80 தடவையேனும் இவ்விதி நிறைவேறியதைப் பதிவேட்டினாற் காட்டவேண்டும்.

இவற்றை நேரிற் கண்டு உறுதிசெய்வதே சரிபார்ப்பு. கல்லூரி இதனை 1987இல் தொடங்கியது. வைத்தியசாலை தானாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தவேண்டும். விரிவான வினாக்கொத்துக்கு விடையளித்த பின்னர், பிற இடங்களைச் சேர்ந்த அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் குழுவொன்று வந்து, அம்புலன்ஸ் வந்துநிற்கும் வாயில் தொடங்கி இரத்த வங்கி வரை காயமுற்றவர் செல்லும் வழியிலே தாமும் நடந்து பார்க்கும். ஆயின் இவ்விஜயத்தின் சாரம் கட்டடத்தில் இல்லை, கோப்புகளிலேயே உள்ளது. இறந்துபோனவர்களின் கோப்புகளை எடுத்து, இம்மரணம் தவிர்க்கத்தக்கதா, அதனை நீங்களே ஆராய்ந்தீர்களா, ஆராய்ந்தபின் எதனை மாற்றினீர்கள் என்று குழுவினர் வினவுவர். தவறே நேரவில்லை என்று கூறும் வைத்தியசாலையை அவர்கள் நம்புவதில்லை. தவறைக் கண்டு, எழுதிவைத்து, திருத்தியதற்குச் சான்று காட்டும் வைத்தியசாலையே தேறுவது. சரிபார்ப்பு மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். தொழில்வல்லோர் தம்மைத் தாமே விசாரணைக்கு உட்படுத்தும் இந்த மரபினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த நாட்டு வைத்தியத்துறையும் இதிலிருந்து கற்கத்தக்கது உண்டு.

ஆனால் சரிபார்ப்பு வேறு, நியமனம் வேறு. ஒரு வைத்தியசாலை கூறுவது மெய்யே என்று கல்லூரி சான்றளிக்கும். அதனைக் காயச் சிகிச்சை நிலையமாக நியமித்து, அம்புலன்ஸ்களை அதன்பால் அனுப்பும் சட்ட அதிகாரம் மாநிலத்துக்கே உரியது. இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்கள் கல்லூரியின் சரிபார்ப்பினையே நியமனத்துக்கு நிபந்தனையாக்கியுள்ளன. பென்சில்வேனியா 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனக்கென அமைப்பொன்றை வைத்துள்ளது. இலினோயில் மாநிலப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் தன் சொந்த விதிகளின்படி நியமிக்கின்றது. எவ்வாறாயினும் ஓர் அம்சம் பொதுவானது: வைத்தியசாலை விரும்பினாலன்றி எதுவும் தொடங்குவதில்லை.

நமது நாட்டு வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்னும் நமது படிவரிசை அரசு தன் சொந்த வைத்தியசாலைகளுக்கு இட்ட வரிசை. குறைபாடுகள் அதிற் பலவுண்டு. எனினும் மாவட்ட வைத்தியசாலையொன்று நட்டத்தில் இயங்குகின்றது எனக் கூறி அதன் பணிப்பாளர் விபத்துப் பிரிவை மூடிவிடுதல் நாம் கேள்விப்படாதது. ஐக்கிய அமெரிக்காவில் அது இயலும், நடந்துமுள்ளது.

அதற்கு முன்னர், இவ்வொழுங்கமைப்பு உண்மையில் உயிர் காக்கின்றதா என்னும் வினாவுக்கு விடை காணல்வேண்டும். 1979இல் வெஸ்ட், ட்ரங்கி முதலியோர் கலிபோர்னியாவின் இரு மாவட்டங்களை ஒப்பிட்டனர். சான் பிரான்சிஸ்கோவில் காயமுற்றோர் யாவரும் ஒரே நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரேஞ்சு மாவட்டத்திலோ அண்மையிலிருந்த ஏதேனுமொரு வைத்தியசாலைக்கு. மூளைக் காயமல்லாத காரணங்களால் ஒரேஞ்சு மாவட்டத்தில் நிகழ்ந்த மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக் கூடியவை என அவர்கள் மதிப்பிட்டனர். சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய மரணம் ஒன்றே. பின்னர் 2006இல் மக்கென்சி குழுவினர் 14 மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு, முதலாம் நிலையங்களிற் சிகிச்சை பெற்றோருள் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 10.4 எனவும், நிலையமல்லாத வைத்தியசாலைகளில் 13.8 எனவும் கண்டனர். இவ்வகை ஆய்வுகளின் நேர்விளைவாக ஒரு விதி வலுப்பெற்றது: கடுங்காயமுற்றவரை ஏற்றிய அம்புலன்ஸ் அண்மையிலுள்ள வைத்தியசாலையைத் தாண்டி, நியமிக்கப்பட்ட நிலையத்துக்கே செல்லல்வேண்டும்.

இவ்விதி சரியானது. அவ்வாறாயின் நிலையம் எங்கே இருக்கின்றது என்பது உயிரைத் தீர்மானிக்கும் காரணியாகிவிடுகின்றது. இனிச் சிக்காகோவுக்கு வருவோம்.

1986இல் சிக்காகோ நகரத்துக்கெனக் காயச் சிகிச்சை வலையொன்று அமைக்கப்பட்டது. நகரின் தென்பகுதியிலுள்ள சிக்காகோப் பல்கலைக்கழக வைத்தியசாலையும் அதில் ஓர் உறுப்பு. அப்பகுதியிற் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். வறுமையும் துப்பாக்கி வன்முறையும் மிகுந்த குடியிருப்புகள் பல அங்குள்ளன. இரு ஆண்டுகள் கழிந்து, 1988இல் அப்பல்கலைக்கழகம் வயதுவந்தோருக்கான காயச் சிகிச்சைப் பணியிலிருந்து விலகியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் நட்டமேற்படுவது காரணமாகக் கூறப்பட்டது. சிறுவர் பிரிவு மாத்திரம் தொடர்ந்தது. தென்பகுதியின் மற்றொரு நிலையமான மைக்கல் றீஸ் வைத்தியசாலையும் 1991இல் விலகியது.

இந்நட்டத்தின் தோற்றுவாய் என்ன? முதலாம் நிலையத்தின் செலவில் பெரும்பங்கு ஆயத்தநிலையின் செலவு. காயமுற்றவர் வந்தாலும் வாராவிடினும் நிபுணரும் தாதியரும் சத்திரசிகிச்சைக் கூடமும் காத்திருத்தல்வேண்டும். வருபவரிடம் காப்புறுதி இருப்பின் அச்செலவு மீளும். இல்லையெனின் வைத்தியசாலையே தாங்கும். 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டமொன்று, அவசர சிகிச்சைப் பிரிவை நாடிவரும் எவரையும் பணம் பாராது உறுதிநிலைப்படுத்தவேண்டும் என விதித்தது. மனிதாபிமானமுள்ள சட்டமே; ஆயின் அதற்கென நிதி ஒதுக்கப்படவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவை நடத்துவோரை அச்சட்டம் கட்டுப்படுத்தியது. காயச் சிகிச்சை நிலையமாய் இருக்குமாறு எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே நட்டத்தைக் குறைக்க விரும்பிய வைத்தியசாலைக்கு எளிய வழி நிலையத் தகுதியைத் துறப்பதேயாயிற்று. துறந்தபின் விதிப்படி அம்புலன்ஸ்கள் அதனைத் தாண்டிச் சென்றன. காயம் எங்கே மிகுதியோ அங்கேயே காப்புறுதி அற்றோரும் மிகுதியாதலால், சந்தை நியதிக்கு விடப்பட்ட இவ்வொழுங்கமைப்பு தேவை மிகுந்த இடத்திலிருந்தே முதலில் வெளியேறியது. தனிமனிதரின் கல்நெஞ்சத்தை இதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது என்பதே நமது கருத்து.

2010 ஆகஸ்டில், தென்பகுதி இளைஞர் அமைப்பொன்றை நிறுவியவர்களுள் ஒருவரான 18 வயது இளைஞர், வீதியில் எவரையோ நோக்கிச் சுடப்பட்ட துப்பாக்கி ரவையினாற் காயமுற்றார். பல்கலைக்கழக வைத்தியசாலை சில தெருக்கள் அப்பால் இருந்தது. சிறுவர் பிரிவுக்கு அவர் வயது கடந்தவர். அம்புலன்ஸ் விதிப்படி ஏறத்தாழ ஒன்பது மைல் தூரத்திலுள்ள நகர மையத்து நோர்த்வெஸ்ரேன் வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுசென்றது. அங்கு அவர் இறந்தார். அண்மையில் நிலையம் இருந்திருப்பின் பிழைத்திருப்பாரா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூறல் இயலாது. அவரைக் கொண்டுசென்ற வைத்தியசாலைக்கு ஒரு சில தெருக்கள் அப்பாலேயே, சரிபார்ப்பினை நடத்தும் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியின் தலைமையகம் அமைந்துள்ளது. நாடெங்கும் நிலையங்களின் ஆயத்தநிலையை நிமிடக் கணக்கில் அளந்த அக்கல்லூரியின் அளவுகோலில், அதே நகரத்துத் தென்பகுதியின் வெறுமையைக் காட்டும் கோடு எதுவும் இருக்கவில்லை. விண்ணப்பித்த வைத்தியசாலையையே அது அளக்கும். விண்ணப்பிக்காத நிலப்பரப்பை அளக்கமாட்டாது.

அந்த நிலப்பரப்பை அளந்தோர் வேறுசிலர். மேரி கிரண்டல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் சகாக்களும் 1999 முதல் 2009 வரை சிக்காகோவில் துப்பாக்கிச் சூட்டுக் காயமுற்றோரின் பதிவேட்டை ஆராய்ந்து, நிலையமொன்றிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பாற் சுடப்பட்டோருக்கு மரண அபாயம் கூடுதல் என 2013இல் வெளியிட்டனர். 'காயச் சிகிச்சைப் பாலைநிலம்' என அவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. இறந்த இளைஞரின் தோழர்களோ புள்ளிவிபரத்துக்குக் காத்திருக்கவில்லை. 2010 தொடக்கமே ஊர்வலம் சென்றனர். வைத்தியசாலை வாயிலிற் குந்தியிருந்தனர். 2013இல் பல்கலைக்கழகம் 70 கோடி டொலர் செலவிற் புதிய வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்த வேளையில், அக்கட்டடத்துள் மறியல் செய்து சிலர் கைதாகினர். ஒபாமா நினைவு நூலகத்தைத் தென்பகுதிக்குப் பெறப் பல்கலைக்கழகம் முயன்றபோது, அதனையும் தம் கோரிக்கையோடு இணைத்தனர்.

மறுபுறத்தில், நிலையங்கள் மிகுவதாலும் கேடு உண்டு. 2002 முதல் நிலையங்கள் காயமுற்றோருக்காகக் குழுவைத் திரட்டியமைக்குத் தனிக் கட்டணம் அறவிட இடமேற்பட்டது. காப்புறுதி மிகுந்த புறநகர்களில் நிலையம் நடத்துதல் இதனால் ஆதாயமுள்ள தொழிலாயிற்று. புளோரிடா மாநிலம் பகுதிவாரியாக நிலையங்களுக்கு உச்சத்தொகை விதித்திருந்தது. 2011இல் அவ்விதி செல்லாதெனத் தீர்க்கப்பட்டு, புதிய நிலையங்கள் பற்றிய வழக்குகள் 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தன. ஒரே ஊரில் நிலையங்கள் பல்கினால் காயமுற்றோர் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றிலும் அனுபவம் குன்றும். மேலே கூறிய தொகை விதியின் தருக்கமே இங்கு மறுதலையாக வேலைசெய்கின்றது. கல்லூரியும் இதனை உணர்ந்து, நியமனம் தேவையின் அடிப்படையில் நிகழவேண்டும் என 2015இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டிற் சிக்காகோவிற் கூடிய நிபுணர், குடித்தொகை, பயண நேரம், நிலையமல்லாத வைத்தியசாலைகளிற் சேரும் கடுங்காயமுற்றோர் தொகை முதலியவற்றைக் கொண்டு ஒரு பிராந்தியத்துக்கு எத்தனை நிலையங்கள் வேண்டும் எனக் கணிக்கும் முறையொன்றை வகுத்தனர். 1971இல் இலினோய் வரைபடத்தை விரித்துவைத்துச் செய்யத் துணிந்த பணிக்கு, நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் வேறொரு வழியால் திரும்பிவந்தமையையே இதிற் காண்கிறோம். அம்முறை மாநிலங்களுக்கு ஆலோசனையேயன்றிக் கட்டளையன்று.

2015 செப்டெம்பரில் பல்கலைக்கழகம் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து, தென்மேற்குப் பகுதியிலுள்ள ஹோலி குரொஸ் வைத்தியசாலையில் 4 கோடி டொலர் செலவில் நிலையம் அமைப்பதாக அறிவித்தது. டிசெம்பரில் அதனை மாற்றித் தன் சொந்த வளாகத்திலேயே அமைக்க முடிவுசெய்தது. மாநில வைத்தியசாலைகள் மீளாய்வுச் சபை 2016இல் இசைவளித்தது. 2018 மே முதலாந் திகதி வயதுவந்தோருக்கான முதலாம் நிலைக் காயச் சிகிச்சை நிலையம் அங்கு மீண்டும் திறக்கப்பட்டது. விதி மாறவில்லை; அம்புலன்ஸ்கள் இப்போது அவ்வாயிலிற் திரும்புகின்றன. திறக்கவேண்டும் என்னும் தீர்மானம், 1988இல் மூடிய தீர்மானத்தைப் போன்றே, பல்கலைக்கழகத்தினுடையதாக இருந்தது.